விசில் ஊதி உன் கல்யாணத்தைக் கவிழ்த்த வரலாறு

வெள்ளிமலை,
கல்வராயன் மலை.
ஆவணி, 1987

என் அக்கா பெற்ற ஒரே ரத்தினம், அருமை மருமகள் செவ்வந்திக்கு, கள்ளக்குறிச்சியில் தலைகாட்ட வழியில்லாமல் மலைமேல் பச்சமுத்து வீட்டில் ஒளிந்திருக்கும் உன் தாய்மாமன் தங்கமணி எழுதிக்கொண்டது. இங்கு நானும் இந்த வீட்டு ஆடுகளும் சுகம். அங்கு நீ, அக்கா, எனக்காகக் கத்தி தீட்டிக்கொண்டிருக்கும் உன் அப்பா ஆகியோர் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உன் அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் கைவலி இருந்தால் தேவலை.

உன்னைப் பெண் பார்க்கக் கிளம்பிய மணலூர்பேட்டைக்காரர்கள் ஏன் வந்து சேரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர்களை அழைத்துவர என்னை அனுப்பினார்கள் அல்லவா, அங்கேதான் முதல் தப்பு. மாப்பிள்ளை சிவசங்கரின் அப்பா சுப்புராயன் இங்கிலீஷ் வாத்தியார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி இன்னா படிச்சிருக்கீங்க?" என்றார். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நடந்த கட்டடம்வரைக்கும் போனவன் என்பதை மறைத்து, "இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை குடுங்க, வேரோட புடுங்கிக் காட்டறேன்" என்றேன். அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் ஊதினார். "விசில்" என்றார் வாத்தியார்.

பொழிந்தேன் பார், கோமுகி அணை நிரம்பியிருக்கும். "உதட்டால செஞ்சா விசில் அடிக்கறது. கருவி வச்சிக்கினு செஞ்சா ஊதறது. கண்டக்டர் பண்ணா குடுக்கறது. குக்கருக்குத் தானா வரும். கொட்டாய்ல படம் பாக்கறப்ப அடிச்சா சந்தோஷம், பொம்பளப் புள்ளைங்க போறப்ப அடிச்சா செருப்பு. பஸ்ல ஒண்ணு குடுத்தா நிக்கணும், ரெண்டு குடுத்தா கெளம்பணும். பின்னால எடுக்கறப்ப ஊதிக்கினே இருந்தா வரலாம், ஊதறத நிறுத்தினா வண்டி நிக்கணும்." வாத்தியார் அசந்துபோனார். மகன் பக்கம் திரும்பி, "இவ்ளோ வெவரமான மாமன் இருக்கற வூடுன்னா கண்ண மூடிக்கினு முடிக்கலாம்டா" என்றார். அந்த நொடியில் உன் கல்யாணம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. மீதிக் கால்வாசியில்தான் நான் இருந்தேன்.

தியாகதுருகம் வருவதற்குள் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. வேலையில் இடஒதுக்கீடு கேட்டு மறியல். கண்டக்டர் இறங்கிப்போய், பெண் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கெஞ்சினார். அங்கிருந்த பெரியவர், "பொண்ணு எங்கியும் போயிடாது சார். எங்க புள்ளைங்களுக்கு வர்ற வேலைதான் போய்க்கினே இருக்குது" என்று சொல்லி, அவரை உட்காரவைத்து நியாயம் பேச ஆரம்பித்துவிட்டார். டிரைவர் பஸ்ஸைப் பின்னால் எடுத்துத் திருப்பிச் சுற்றுவழியில் போகலாம் என்றார். பின்னால் நின்று ஊத ஆள் வேண்டும். பஸ்ஸே என்னைத்தான் பார்த்தது, அதாவது நான் அப்படி நினைத்துக்கொண்டேன். கண்டக்டர் சீட்டில் கிடந்த விசிலை எடுத்துப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு படைத்தளபதி மாதிரி இறங்கினேன்.

ஊத ஊத, பட்டத்து யானை மாதிரி பஸ் என் மூச்சுக்குக் கட்டுப்பட்டு வந்தது. பின்பக்கமாகவே நடந்த நான், கரும்புக்கொல்லை வாய்க்கால் இருக்கிறது என்பதைக் காலால்தான் கண்டேன். "நிறுத்து" என்று கத்தினேன். விசில் வாயிலேயே இருந்தது. உள்ளே "நிறுத்து" என்று கிளம்பியது வெளியே விசிலாகத்தான் வந்தது. டிரைவருக்கு அது "இன்னும் வரலாம்". பயத்தில் இன்னும் பலமாகக் கத்தினேன், அவர் இன்னும் நம்பிக்கையாக வந்தார். துப்பித் தொலைக்கலாமே என்பாய். பல் கிட்டிப்போச்சு, பாப்பா. நான் ஒரு பக்கம் விழ, பஸ் வாய்க்காலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. மறியல்காரர்கள்தான் மரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து ஒவ்வொருவராக ஜன்னல் வழியாக எடுத்தார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பட்டுப்புடவை எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. உனக்கென்று எடுத்து வந்த பூ வாய்க்காலோடு போனது. வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைத் தேடினார். நான் கரும்புக்குள் புகுந்தவன், மலை ஏறித்தான் மூச்சு விட்டேன்.

அந்தக் கோலத்தில் எந்தக் குடும்பமும் பெண் பார்க்க வராது. உன் வாழ்க்கையைக் கெடுத்த பாவிக்கு ஊருக்குள் வர முகமில்லை. இனி இந்த மலையிலேயே சாமைக்கஞ்சி குடித்துக் காலத்தை ஓட்டுவேன். தாய்மாமனே இல்லாத ஒரு நல்ல குடும்பத்தில் நீ வாழ்க்கைப்பட்டு, நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ மலைமேலிருந்து ஆசீர்வதிக்கிறேன். அக்காவுக்கு என் கும்பிடு. உன் அப்பாவுக்குத் தூரத்திலிருந்து கும்பிடு.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
தங்கமணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகிற நேரத்தில் பச்சமுத்து கள்ளக்குறிச்சி சந்தையிலிருந்து வந்து சேர்ந்தான். மணலூர்பேட்டைக்காரர்கள் அன்றைக்கே சேறும் சகதியுமாக நடந்தே உங்கள் வீட்டுக்கு வந்து, குளித்து, உன் அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, உன்னைப் பார்த்துப் பூவும் வைத்துவிட்டுப் போனார்களாமே. "என்னத் தேடினாங்களாடா?" என்றேன். "செவ்வந்தி அப்பாகிட்ட உன்னப் பத்தி பேச்செடுத்தேன். 'ஏன், அவன் இங்க இல்லியா'ன்னாரு" என்கிறான். தாய்மாமன் இல்லாமலே பூ வைத்ததை நான் உயிருள்ளவரை மன்னிக்கப்போவதில்லை. கோபித்துக்கொள்ள நாளைக்கு முதல் பஸ்ஸுக்கே வருகிறேன். சோறு எடுத்து வை.