மூன்று தரம் ‘வரவேண்டும்’

பதுளை
14.08.1973

அன்புள்ள மருமகன் ஷுக்ரிக்கு, மாமா மஹ்ரூப் ஸலாம் கூறி எழுதுவது. இங்கு நானும் மாமி ஸல்மாவும் மகள் றமீலாவும் அல்லாஹ்வின் கிருபையால் உடல் நலம். மன நலத்தை விசாரிக்க வேண்டாம்.

றமீலாவைப் பெண் பார்க்க வெலிமடை காமில் ஹாஜியார் வீட்டாரை ‘ஞாயிறு வரவேண்டும்’ என்று தந்தியில் அழைத்தேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள் அல்லவா, ஓரெழுத்து மாறி ‘வரவேண்டாம்’ என்று போய்ச் சேர்ந்தது. இருபது பேருக்குச் சமைத்த புரியாணியை மூன்று பேர் மூன்று நாள் தின்றோம். உனக்கு எழுதினேன். கம்பியில் போகிற செய்தி கெடத்தான் செய்யும், செவ்வாய்க் கிரகத்திலிருந்து படம் அனுப்பிய இயந்திரமும் பிழை திருத்த உபரியாகக் கொஞ்சம் சேர்த்துத்தான் அனுப்பியது, எளிய வழி ஒரே சொல்லை மூன்று தரம் அனுப்புவது, ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும் என்று பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீ பதில் போட்டாய். வாங்குகிறவருக்கும் இந்த ஏற்பாடு தெரிந்திருக்க வேண்டும் என்று நீ எழுதவில்லை. ஹாஜியாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, புதன்கிழமை ‘வரவேண்டும் வரவேண்டும் வரவேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தேன். “ஒரு வாட்டி போதாதுங்களா முதலாளி?” என்றார் தந்தி எழுத்தர் நல்லையா. “செவ்வாயிலிருந்தே இப்பிடித்தான் அனுப்புறாங்க” என்றேன். “இன்னைக்கு புதனுங்களே” என்றார். அந்தக் குழப்பத்தில் ஞாயிறு என்று எழுத மறந்துபோனேன்.

தந்தி ஓரெழுத்தும் பிசகாமல் போயிருக்கிறது. வியாழன் பகல் நான் ஏணியில் நின்று கூரைப் பீலியில் அடைத்த சருகை வாரிக்கொண்டிருக்கிறேன், கிழங்கு லொறியில் பதினெட்டுப் பேர் சாவு வீட்டுக்கு வருவதுபோல் கபன் துணியோடு வந்து இறங்குகிறார்கள். ஹாஜியார் ஏணியடியில் நின்று அழுகிறார். “மஹ்ரூப், மவுத்தானது யாரு?” “ஒருத்தரும் இல்ல ஹாஜியார்.” “அப்ப ஏன் மூணு தரம் கூப்பிட்டீங்க?” மேலேயிருந்தே செவ்வாய்க் கிரகத்தை விளக்கினேன். அழுகை நின்று கோபம் வந்தது. வீட்டில் கஞ்சியும் கருவாடும்தான். றமீலா பக்கத்து வீட்டில் பீங்கான் இரவல் வாங்கி எல்லோருக்கும் பரிமாறினாள். மாப்பிள்ளை புவாத் மூன்று பீங்கான் கஞ்சி குடித்துவிட்டு, சொல்லாமலே ஏணியில் ஏறி மீதிச் சருகை வாரினார். அவருடைய உம்மா றமீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “சோடிச்சுக் காட்டுற வீட்டை விட சும்மா இருக்கிற வீட்டைப் பார்க்கிறது நல்லம்” என்றார். அடுத்த மாதம் நிக்காஹ். உன் படிப்பால் வந்த பாக்கியம். இனி யோசனை எதுவும் அனுப்பாதே.

அல்லாஹ் உன் படிப்பில் பரக்கத் செய்வானாக. சோதனை முடிந்ததும் நேரே இங்கு வந்து சேர்.

மாமா மஹ்ரூப்

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் றமீலா வாசித்தாள். “கம்பிய ஏசாதீங்க வாப்பா. மொதத் தந்தியில ‘வேண்டாம்’னு எழுதினது நான்தான்.” என் எழுத்து விளங்காது என்று அந்தப் படிவத்தை அவளிடம்தான் நிரப்பக் கொடுத்திருந்தேன். “முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு முன்னால போய் நிக்க மனசு வரல்ல.” “இப்ப?” என்றேன். ஜன்னல் வழியே ஏணியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “இப்ப வேணும். ஒரு தரம் சொன்னா விளங்காதா வாப்பா?”