ரிஷியின் கணுக்கால்

இந்தக் கதையில் நடந்த எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் என் எதிர்வீட்டில் இருக்கும் ராஜினி அக்கா சொல்லிக் கேட்டது. அவர் கிள்ளானில் ஒரு டிரைவிங் ஸ்கூலின் முகப்பு மேசையில் வேலை செய்கிறார். சிவநேசன் என்ற மனிதர் மனதில் என்ன ஓடியது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நானும் கேட்டேன். “அந்த மனுஷன் என் மேசைக்கு முன்னாடி நின்னு முக்கால் மணி நேரம் கத்தினாரு. மனசுல மிச்சம் எதுவும் இருந்திருக்காது” என்றார்.

சிவநேசன் கிள்ளானை அடுத்த காப்பார்க்காரர். துறைமுகத்தில் வேலை. ஆனால் அவரைக் கேட்டால் வேறு பதவியைத்தான் சொல்வார்: காப்பார் வேங்கை காற்பந்து அணியின் ரசிகர் மன்றச் செயலாளர், பதினோரு வருடமாக. வட்டார லீக் ஆட்டங்கள் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குத் திடலில் நடக்கும். மற்ற ஆறு நாளும் தம்புசாமி அண்ணன் சாப்பாட்டுக் கடையில் நடக்கும். அங்கே பந்து கிடையாது. வாய் மட்டும்தான்.

“இந்த வருஷம் கிண்ணம் சுங்கை வேக்குத்தான்” என்று யாராவது ஆரம்பித்தால் சிவநேசனின் தே தாரிக் ஆறிப்போகும்.

“சுங்கை வேயா? அவனுங்க கோல்கீப்பர் கண்ணாடி போட்டா போஸ்ட் தெரியாது, கழட்டினா பந்து தெரியாது!”

“சுபாங் ஜெயா?”

“மழை தூறினா பூட்ஸ் அழுக்காகும்னு கார்ல போய் உக்காந்துக்குவானுங்க லா!”

“அப்போ நம்மகிட்ட என்ன இருக்கு?”

“நம்மகிட்ட ரிஷி இருக்கான்.”

அதோடு விவாதம் முடிந்துவிடும். ரிஷி வேங்கையின் முன்வரிசை ஆட்டக்காரர். பத்து ஆட்டங்களில் பதினான்கு கோல்.

வீட்டில் சிவநேசனுக்கு வேறொரு விவாதம். மனைவி அமுதவள்ளி பாலர் பள்ளி ஆசிரியை. சுபாங் ஜெயாவில் ஒரு பாலர் பள்ளி அவரைத் தலைமையாசிரியராக அழைத்திருந்தது. ஜூலையில் சேர வேண்டும். காப்பாரிலிருந்து பஸ் மாறி மாறிப் போனால், பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் தலைமையாசிரியர் போய்ச் சேர்வார். கார் ஓட்டத் தெரியாவிட்டால் வேலை வேறொருவருக்கு.

“டிரைவிங் கத்துக்கறேங்க.”

“எதுக்கு? நான் இருக்கேனே.”

“நீங்க காலையில ஆறு மணிக்கே மோட்டார்ல வேலைக்குப் போயிடுறீங்க. கார் வாரம் பூரா போர்வை போத்திக்கிட்டுத் தூங்குது.”

“தூங்குற காரை ஏன் எழுப்புற?”

நான்கு வருடமாக இதே பதில். ஒரு மனிதர் தன் மைவி காருக்குக் காட்டும் கருணையில் கால்பங்கை மனைவிக்குக் காட்டியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. அமுதவள்ளி சண்டை போடவில்லை.

“சரிங்க. அப்போ இனிமே சனிக்கிழமை நானும் உங்ககூடத் திடலுக்கு வரேன். கார்ல ஏறின மாதிரியாவது இருக்கும்.”

வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து, வெயிலுக்குப் பூப்போட்ட பெரிய குடையை விரித்தார். பின்னால் இருந்த ஆறு ரசிகர்கள் அன்று முழுக்கப் பூக்களைத்தான் பார்த்தார்கள். எதிரணி கோல்கீப்பர் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது அமுதவள்ளி எழுந்து கைதட்டினார்.

“அவன் எதிரி!” என்று பல்லைக் கடித்தார் சிவநேசன்.

“எதிரின்னா நல்லாப் பிடிக்கக் கூடாதாங்க?”

வேங்கை சுழியத்துக்கு இரண்டு என்று தோற்றது. அடுத்த சனிக்கிழமையும் வந்தார். ஒன்றுக்கு நான்கு. அதுகூடப் பரவாயில்லை. ரிஷியின் இடது கணுக்கால் பிசகி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடையில் அன்று யாரும் ரோத்தி சானாய் கேட்கவில்லை. தம்புசாமி தொண்டையைக் கனைத்தார்.

“தம்பி, தப்பா நெனைக்காதீங்க. தங்கச்சி தங்கமானவங்க. ஆனா அவங்க வந்த ரெண்டு வாரமும்...”

நாற்பது ரசிகர்களும் தலையாட்டினார்கள். “செயலாளர் வீட்டுலேருந்தே ராசி இப்படி இருந்தா எப்படி லா?” என்றது ஒரு குரல். பதினோரு வருடப் பதவி ஆட்டம் காண்பதை சிவநேசன் உணர்ந்தார்.

‘நீ ராசியில்லாதவள், திடலுக்கு வராதே’ என்று மனைவியிடம் சொல்ல முடியுமா? சொல்லிவிட்டு அந்த வீட்டில் சோறு தின்ன முடியுமா? யோசித்தார். லீக் முடிய எட்டு வாரம். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தால் முதலில் தியரி வகுப்பு, பிறகு கணினித் தேர்வு, பிறகு ஓட்டிப் பழக எல் லைசென்ஸ். இவள் ஸ்டியரிங்கைத் தொடுவதற்குள் கிண்ணம் அலமாரிக்கு வந்துவிடும். பிறகு ‘உனக்குச் சரிப்படல, விட்டுடு’ என்று அன்பாகச் சொல்லிவிடலாம். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

“அமுதா, யோசிச்சுப் பாத்தேன். பொம்பளைங்களும் முன்னேறணும். நீ டிரைவிங் கத்துக்க.”

“நிஜமாவாங்க?”

“ஆனா சனிக்கிழமை அஞ்சு மணிக்குத்தான். மத்த நாள் வீட்டு வேலை கெட்டுடும்.”

“ஐயோ, அப்போ மேட்ச்?” அமுதவள்ளியின் முகம் வாடியது.

“தியாகம் பண்ணித்தான் ஆகணும்.”

“நீங்க சொன்னா சரிங்க” என்று ஸ்கூலின் தொலைபேசி எண்ணையும் எடுத்துக் கொடுத்தார்.

போனை எடுத்தது ராஜினி அக்கா.

“நான் அமுதவள்ளியோட ஹஸ்பன். அவங்களுக்கு சனிக்கிழமை அஞ்சுலேருந்து ஏழு. எட்டு வாரமும். மாத்தக் கூடாது.”

“வேற நாள் வேணும்னா...”

“வேணாம்! அவங்களே கேட்டாலும் மாத்தாதீங்க. புயலே அடிச்சாலும் சனி அஞ்சுதான்.”

“பாஸ், அப்படின்னா ஒரு டீச்சரை எட்டு வாரமும் முழுசா ஒதுக்கணும்.”

“ஒதுக்குங்க!”

யார் அந்த டீச்சர் என்று அவர் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. அக்காவுக்குப் பந்து உருண்டையாக இருக்கும் என்பது வரைதான் தெரியும்.

அமுதவள்ளி வராத திடலில் வேங்கை தட்டுத்தடுமாறி மேலே ஏறியது. ஒன்றுக்குச் சுழியம், இரண்டுக்கு ஒன்று, ஒரு சமநிலை. ஆனால் ரிஷி வரவில்லை. காயம் ஆற இரண்டு வாரம் என்றார் கோச் கேதீஸ்வரன். பிறகு ‘பார்க்கலாம்’ என்றார். ஐந்தாவது வாரம் எதுவுமே சொல்லவில்லை. அந்த வாரம்தான் சிவநேசன் அந்தக் காட்சியைக் கண்டார். ரிஷி தோளில் காஸ் தோங்கை, நிரம்பிய சமையல் எரிவாயு உருளையை, தூக்கிக்கொண்டு, கடைவீட்டு மாடிப்படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தார்.

கடை அதிர்ந்தது. “காஸ் தோங் தூக்குற காலுக்குப் பந்து உதைக்க முடியாதா? கோச் பொய் சொல்றான்! கோச்சைத் தூக்கணும்!” அங்கேயே ஒரு மனு எழுதப்பட்டது. நாற்பது கையெழுத்து. முதல் கையெழுத்து செயலாளருடையது.

வீட்டிலும் கொதித்தார்.

“அந்தப் பையன் கால்ல ஒண்ணுமே இல்ல, அமுதா!”

“ஒண்ணும் இல்லதாங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்?”

பல வருடங்களுக்குப் பிறகு மனைவி தன்னைப் புரிந்துகொண்டதாக அவருக்குத் தோன்றியது.

கடைசி ஆட்டம் சுங்கை வேயுடன். வேங்கை ஜெயித்தால் கிண்ணம். சமநிலை என்றால்கூடக் கோல் கணக்கில் சுங்கை வேக்குப் போய்விடும். ஐந்தேகாலுக்கு நாற்பது பேரும் கோச்சைச் சூழ்ந்துகொண்டார்கள். சிவநேசன் மனுவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ரிஷி எங்க? இப்ப உண்மையைச் சொல்லணும்!”

கேதீஸ்வரன் அமைதியான மனிதர். “அண்ணே, ரிஷி மூணாவது வாரமே தேறிட்டான். அவன் டிரைவிங் டீச்சர். கால் பிசகிக் கிடந்தப்ப, எப்படியும் ஆட முடியாதேன்னு சனிக்கிழமை கிளாஸ் ஒண்ணு ஒத்துக்கிட்டான். கால் சரியானதும் மாத்தக் கேட்டா ஸ்கூல்ல முடியாதுங்கிறாங்க. அந்த ஸ்டூடண்டோட புருஷன் போன் பண்ணி, புயலே அடிச்சாலும் சனி அஞ்சுதான்னு சொல்லியிருக்கானாம்.”

சிவநேசனின் கோபம் அவருடைய காதைவிட வேகமானது.

“யார் அந்தப் புருஷன்? மனுஷனா அவன்? ஒரு ஊரோட கிண்ணத்தையே கெடுத்தவன்! அவன் மூஞ்சிய எனக்குக் காட்டுங்க! அவனை நான்...”

‘புயல்’ அப்போதுதான் காதுக்கு வந்து சேர்ந்தது. வாய் திறந்தபடியே நின்றது.

“ஆமா, யாரு அவன்? போன் போடுங்க!” என்றார் தம்புசாமி.

“வேணாம்ண்ணே, பாவம், என்ன கஷ்டமோ...” என்றார் சிவநேசன். யாரும் கேட்கவில்லை. கோச் ரிஷியை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, மாணவியிடம் கொடுக்கச் சொன்னார்.

“வணக்கங்க. வண்டிய ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசுறேன்.”

“அட, நம்ம தங்கச்சி!” என்றார் தம்புசாமி. நாற்பது முகங்கள் திரும்பின.

“அக்கா, ரிஷியை இன்னைக்கு மட்டும் விட முடியுமா?” என்று கெஞ்சினார் கோச்.

“எனக்கென்னங்க, காப்பார் ரோட்லதான் இருக்கேன், பத்து நிமிஷத்துல கொண்டுவந்து விட்டுடுவேன். ஆனா வீட்டுக்காரர் கண்டிப்பாச் சொல்லியிருக்காரு. நானே கேட்டாலும் மாத்தக் கூடாதாம். அவரைக் கேக்காம எப்படிங்க?”

“சொல்லு லா, சிவநேசா!” என்றது கூட்டம்.

“அமுதா... கொண்டுவந்து விடு.”

“விடுறேங்க. செவ்வாய்க்கிழமை எனக்கு டெஸ்ட். பாஸ் பண்ணிட்டா ஜூலையிலேருந்து கார் எனக்குத்தானே? போர்வையை எடுத்துடலாமா?”

“அதை வீட்ல பேசலாம்.”

“வீட்லன்னா நீங்க மட்டும்தான் கேப்பீங்க. இங்கன்னா எல்லாரும் கேப்பாங்க.”

நடுவர் விசிலை ஊதிப் பார்த்தார். தம்புசாமியின் கை சிவநேசனின் சட்டைக் காலரில் இருந்தது.

“எடுத்துக்க” என்றார் சிவநேசன்.

“கேக்கலைங்க.”

“எடுத்துக்க!”

“அண்ணே, உங்களுக்குக் கேட்டுச்சா?”

“நல்லாக் கேட்டுச்சு தங்கச்சி!”

“சரி, நான் கேட்லயே இறக்கி விட்டுட்டுத் திரும்பிடுறேன். உள்ள வந்தா நீங்க தோத்துடுவீங்களாமே.”

சொன்னபடி பத்து நிமிடத்தில் எல் அட்டை ஒட்டிய கார் வாசலில் வந்து, குலுங்காமல் நின்றது. ரிஷி குதித்து இறங்கி ஓடினார். கார் ஒரே மூச்சில் பின்னால் வந்து திரும்பிப் போனது. அதே இடத்தில் காரைத் திருப்ப சிவநேசனுக்கு எப்போதும் மூன்று தடவை ஆகும்.

ஆட்டம்? எட்டு வாரம் டீச்சர் இருக்கையில் உட்கார்ந்த பழக்கம் ரிஷியை விடவில்லை. வேகம் எடுக்கும்போதெல்லாம் வலது கால் தானாகப் பிரேக் தேடியது. ஒன்றுக்கு ஒன்று. கிண்ணம் சுங்கை வேக்குப் போனது. மனு வீணாகவில்லை. நாற்பது கையெழுத்து தயாராக இருந்ததால், மேலே இருந்த கோச்சின் பெயரை மட்டும் அடித்து மாற்றினார்கள். கோச் தப்பித்தார். செயலாளர் மாறினார்.

அமுதவள்ளி செவ்வாய்க்கிழமை முதல் முயற்சியிலேயே தேறினார். புதன்கிழமை சிவநேசன் ஸ்கூலுக்கு வந்து கத்தியது இதற்குத்தான்: தியரியே முடிந்திருக்காத ஒருத்தி எட்டு வாரத்தில் எப்படி டெஸ்ட் எடுக்க முடியும்? இது என்ன ஸ்கூலா, மந்திரக்கடையா?

ராஜினி அக்கா எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்பவர். அதனால் நான் லைசென்ஸ் எடுக்கப் பெயர் பதியப் போனபோது அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். மற்றவர்களின் வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டினார். அமுதவள்ளி எல் லைசென்ஸ் வாங்கிய தேதி மார்ச் 4. லீக் அட்டவணையையும் பார்த்தேன். அவர் குடையோடு முதன்முதலில் திடலுக்குப் போன சனிக்கிழமை மார்ச் 21. பதிவேட்டில் அன்றே நிரப்பிய ‘விரும்பும் நேரம்’ என்ற கட்டத்தில், பாலர் பள்ளி ஆசிரியையின் குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது: “சனி, மாலை 5–7. கணவர் போன் செய்து உறுதிப்படுத்துவார்.”