கோட்டு, தாடி, பல்லு, நான்

"எந்த மென்பொருள் என் வேலையைப் பிடுங்கணும்னு நானே மார்க் போட்டுத் தரணுமா?" என்று கேட்டாள் வைஜயந்தி கோகடே.

நியாயமான கேள்விதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த ஷ்ரேயஸ் ஆப்டேவுக்கு நியாயம் பார்க்க நேரமில்லை. புணேயின் ஹிஞ்சவடியில் இருந்த ஒரு பெரிய கணினிக் கம்பெனியிலிருந்து இங்கே மேனேஜராக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தேவஸ்தளி ஃபர்சாண் என்கிற பாக்கர்வடி முதலான காரப் பலகாரம் செய்யும் அந்தப் பழைய கம்பெனியை ஒரே மழைக்காலத்துக்குள் நவீனமாக்கிக் காட்டுவதாக முதலாளியிடம் சவடால் விட்டிருந்தான்.

"பிடுங்கறதுன்னு ஏன் நினைக்கிறீங்க மேடம்? மூணு கம்பெனி வருது. மூணும் நம்ம விற்பனை விவரத்தை வாங்கிப் படமா வரைஞ்சு பெரிய திரையில காட்டும். எது தேவலைன்னு ஒப்பிட்டு ஓர் அட்டவணை போடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"அப்புறம் நான்?"

"ஊருக்கு வெளியே நம்ம சாகண் குடோன்ல அட்டைப்பெட்டி எண்ண ஆள் இல்லையாம்."

வைஜயந்திக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு நாள் காலையும் நாற்பத்தொரு கடைகளின் முந்தைய நாள் விற்பனையை எக்செலில் ஏற்றி, ஒரே ஒரு பெரிய தாளில் அச்செடுத்து முதலாளி பாவுசாகேபுக்கு அனுப்புகிறவள் அவள். அதுவும் வெறும் எண்களா? கிட்டத்தட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வண்ணம். மஞ்சள் என்றால் சரக்கு திரும்பி வந்துவிட்டது. பச்சை என்றால் கல்யாண ஆர்டர். நீலம் என்றால் கடைக்காரர் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடையை மூடிவிட்டுத் தூங்குகிறவர். சிவப்பு என்றால் அவர் சொல்லும் எண்ணை நம்பாதே. இந்த அர்த்தங்களை அவள் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. கேட்டவர்களுக்குச் சொல்லியிருப்பாள், ஒருத்தரும் கேட்டதில்லை.

பத்து மணிக்குப் பியூன் தத்தோபா அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பார். உடனே முதலாளி அறையின் கதவு மூடிக்கொள்ளும். அரை மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. போனும் கிடையாது. அந்த அரை மணி நேரத்தைப் பார்த்துத்தான் வைஜயந்தி தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள்.

"சரி, போடறேன்," என்றாள் ஷ்ரேயஸிடம். "ஆனா சாகணுக்கு மட்டும் போகமாட்டேன். எழுதி வெச்சுக்கோங்க."

முதல் கம்பெனியின் ஆள் அந்தப் புழுக்கத்திலும் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். அவருடைய மென்பொருளின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. வைஜயந்தி அட்டவணையில் 'கோட்டு' என்று எழுதிக்கொண்டாள்.

"எங்க ஸ்பெஷாலிட்டியே எச்சரிக்கைதான் சார்," என்றார் கோட்டு. "எந்தக் கடையிலயாவது வியாபாரம் படுத்தா, அடுத்த நிமிஷம் முதலாளி போன்ல மணி அடிக்கும். உங்க கடை பில் மிஷின்களோட இணைச்சுட்டேன். இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க."

ஷ்ரேயஸ் வைஜயந்தி பக்கம் திரும்பினான். "கடைகளைப் பத்தி இவருக்குத் தனியா ஏதாவது சொல்லணுமா மேடம்?"

"எல்லாம் தாள்லயே இருக்கு."

பொய்யில்லை. நீலமாக இருந்தது.

சரியாக ஒரு மணிக்குப் புணேயின் பழைய பேட்டைகளில் இருபத்தேழு கடைகளின் ஷட்டர் வழக்கம்போல இறங்கியது. ஒன்று ஐந்துக்கு, சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் தலையைச் சாய்த்திருந்த பாவுசாகேபின் போன் இருபத்தேழு தடவை அலறியது. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"என்னய்யா இது? இருபத்தேழு கடையிலயும் ஒரே நேரத்துல திருடன் புகுந்துட்டானா?"

"இல்லை சார், வியாபாரம் நின்னுபோச்சுன்னு..." என்று இழுத்தார் கோட்டு.

"மத்தியானத்துல வியாபாரம் எவன் பண்றான்? என்னை எழுப்பறதுக்குக் காசு குடுத்து ஒரு மிஷினா?"

கோட்டு அன்றைக்குக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டுதான் போனார்.

மறுநாள் ஷ்ரேயஸ் உஷாராகிவிட்டான். தாளில் உள்ள வண்ணங்களைத் திரையில் வைத்து உற்றுப் பார்த்தான்.

"மேடம், இந்த மஞ்சள் என்ன?"

"திரும்பி வந்த சரக்கு."

"ஐயோ! அதையும் விற்பனைன்னு கூட்டிடுமே. மென்பொருளுக்கு வண்ணம் தெரியாது, எண்ணுதான் தெரியும். வண்ணம் போட்ட கட்டத்துக்கெல்லாம் முன்னாடி ஒரு மைனஸ் போட்டுடுங்க."

"எல்லா வண்ணத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான் மேடம். ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்பீங்க?"

ஒரே தடவைதான் கேட்டிருந்தாள். இரண்டாவது தடவை கேட்டிருக்கலாம். அவளுக்கு என்ன தலையெழுத்தா? எல்லாவற்றுக்கும் மைனஸ் போட்டாள், பச்சைக்கும் சேர்த்து.

இரண்டாவது கம்பெனிக்காரருக்கு நெஞ்சுவரை தாடி. அவர் பொத்தானை அழுத்தினார். திரையில் ஓரிரு கடைகள் கம்பமாக எழுந்தன, மற்றவை தலைகீழாகத் தொங்கின. கல்யாண ஆர்டரிலேயே கொழிக்கும் சதாசிவ் பேட் கடை தொங்குவதோடும் நிற்கவில்லை. கீழே இறங்கியது. இறங்கி இறங்கித் திரையின் அடிவிளிம்பையும் தாண்டிப் போய்விட்டது.

பாவுசாகேப் நாற்காலியை விட்டு எழுந்தார். "அது எங்க தாத்தா ஆரம்பிச்ச கடை. எங்கே அது?"

"கீழே இருக்கு சார்," என்றார் தாடி.

"கீழேன்னா?"

தாடி திரையை உருட்டினார். உருட்டிக்கொண்டே இருந்தார். "இதோ வந்துடும் சார்."

"பாதாளத்துக்கா போயிட்டிருக்கு? நூத்திப் பத்து வருஷக் கடைய்யா அது!"

பயந்துபோன பாவுசாகேப் அங்கேயே சதாசிவ் பேட் கடைக்குப் போன் போட்டு, "என்னடா, கடை இருக்கா?" என்று கேட்டார். கடைக்காரர் இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறி, ஆட்டோ பிடித்து அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பவே சாயங்காலமாகிவிட்டது.

ஷ்ரேயஸின் முகம் வெளிறிப்போயிருந்தது. "நீங்க வேணும்னே பண்றீங்க மேடம்."

"நீங்க சொன்னதைச் சொன்னபடி பண்றேன். உங்க மென்பொருளும் அதைத்தானே பண்ணும்? அதுமேல மட்டும் ஏன் கோபம் வரலை?"

"நாளைக்கு ஒரு வண்ணமும் வேண்டாம். வண்ணம் இருக்கிற கட்டத்தையெல்லாம் அடியோட எடுத்துடுங்க!"

"எடுத்துடறேன்."

நாற்பத்தொரு கடைகளில் வண்ணம் படாதவை மூன்றுதான். மூன்றாவது கம்பெனிக்காரர் எதற்கெடுத்தாலும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறவர். சிரித்துக்கொண்டே திரையில் ஒரு வட்டத்தை வரவழைத்தார். வட்டத்தில் மூன்று துண்டு. அதில் முக்கால்வாசியைப் பாவுசாகேபின் மைத்துனியின் கடை விழுங்கியிருந்தது. அந்த அம்மாள் கடையைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் தினம் ஒரே எண்ணை அனுப்புகிறவள், முதலாளி வீட்டு உறவு என்பதால் வைஜயந்தி சிவப்பு போட்டதில்லை.

"ரொம்பத் தெளிவா இருக்கு பாருங்க சார்!" என்றார் பல்லு.

"தெளிவாத்தான் இருக்கு," என்றார் பாவுசாகேப். "மீதி முப்பத்தெட்டுக் கடையை யாரு வித்தது?"

வெள்ளிக்கிழமை வந்தது. ஒப்பீட்டைப் பார்த்து முடிவு சொல்ல மூன்று கம்பெனிக்காரர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். கோட்டு, தாடி, பல்லு மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அட்டவணையை முன்கூட்டிப் படித்துவைக்க ஷ்ரேயஸுக்கு நேரமில்லை. சதாசிவ் பேட் கடைக்காரரும் மைத்துனியும் மாறி மாறி அவனைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அட்டவணையை எடுத்து அப்படியே பெரிய திரையில் போட்டுவிட்டான்.

மேலே தலைப்பில் நாலு பெயர்கள் தடித்த எழுத்தில் மின்னின: கோட்டு. தாடி. பல்லு. நான்.

ஒருவர் மெல்லக் கோட்டுப் பொத்தானை அவிழ்த்தார். இன்னொருவர் தாடியைத் தடவப் போன கையைப் பாதியில் நிறுத்தினார். மூன்றாமவர் அந்த வாரத்திலேயே முதல் தடவையாக வாயை மூடினார்.

"மேடம்!" என்று பல்லைக் கடித்தான் ஷ்ரேயஸ். "நாலாவதா யாரு இந்த 'நான்'?"

"நான்தான்." வைஜயந்தி எழுந்து நின்றாள். "ஒப்பிடச் சொன்னீங்க. யாரோட இடத்துக்கு ஆள் எடுக்கறீங்களோ அவளையும் சேர்த்து ஒப்பிட்டாத்தானே நியாயம்? படிக்கறேன், கேளுங்க. மின்சாரம் போனா வேலை நடக்குமா? கோட்டு, இல்லை. தாடி, இல்லை. பல்லு, இல்லை. நான், நடக்கும். போன மாசம் மூணு நாள் கையாலயே எழுதிக் குடுத்தேன். சிவப்பு போட்ட மிரஜ் கடைக்காரர் பொய் சொன்னாக் கண்டுபிடிக்குமா? மூணும் இல்லை. நான், குரலை வெச்சே கண்டுபிடிப்பேன். தப்பா ஒரு வேலை சொன்னா, 'எல்லாத்துக்குமா?'ன்னு திருப்பிக் கேட்குமா?"

இங்கே அவள் ஷ்ரேயஸைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டான்.

"குறையும் எழுதியிருக்கேன். எனக்கு ரெண்டு வேளை டீ வேணும். கணபதி பூஜைக்கு லீவு வேணும். பாவுசாகேப், ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். பத்தொன்பது வருஷமா தினம் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு என் தாளோட உட்கார்றீங்க. இவங்க திரையோட அரை நிமிஷம் உங்களால உட்கார முடிஞ்சுதா? முடிஞ்சுதுன்னா சொல்லுங்க, இப்பவே சாகணுக்குக் கிளம்பறேன். இல்லைன்னா என்னை இந்த நாற்காலியிலேர்ந்து யாரும் நகர்த்த முடியாது."

சொல்லி முடித்த பிறகும் அவள் உட்காரவில்லை.

பாவுசாகேப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மூன்று பேரையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். "உங்களோடது தாள்ல வருமா?"

"தாளே தேவையில்லை சார்! அதுதானே எங்க பெருமை!" என்று துள்ளினார் கோட்டு.

"எல்லாம் போன்லயே வந்துடும் சார்," என்றார் தாடி.

பல்லு வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

"தினம் ஒரு தாள்கூட வராதா?" பாவுசாகேபின் முகம் சுருங்கிப்போனது. "அப்போ காலையில அந்த அரை மணி நேரம் நான் என்ன பண்றது?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வைஜயந்தியோட தாள் எப்பவும்போல வரட்டும்," என்று சொல்லி அவர் எழுந்தார். "வந்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு பாக்கெட் பாக்கர்வடி குடுத்து அனுப்பு ஷ்ரேயஸ்."

அவர் போனதும் வைஜயந்தி தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அட்டைப்பெட்டி எண்ணறதுக்கு ஏதாவது மென்பொருள் இருக்கும், தேடிப் பாருங்க," என்று ஷ்ரேயஸிடம் சொல்லிவிட்டு, ஆபீஸே பார்க்க நடுவழியாக நடந்து வெளியே போனாள்.

சனிக்கிழமை காலை அவள் ஒன்பதுக்கே வந்துவிட்டாள். வெற்றி பெற்றவள் சும்மா இருப்பாளா? புதிதாக ஊதா வண்ணம் ஒன்றைச் சேர்த்தாள். மஞ்சளை இன்னும் அழுத்தினாள். சிவப்பைப் பார்த்தாலே கண் கூசும்படி ஏற்றினாள். அச்சு இயந்திரத்திலிருந்து சூடாக வந்த தாளை இரண்டு கைகளாலும் ஏந்தித் தத்தோபாவிடம் கொடுத்தாள். பத்து மணிக்குக் கதவு மூடியது. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே அவள் தன் முதல் டீயைக் குடித்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு ருசியான டீயை அவள் குடித்ததில்லை.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கதவு திறந்தது. தத்தோபா தலையைச் சொறிந்துகொண்டே அவள் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, நாளையிலேர்ந்து வண்ணத்தைக் கொஞ்சம் லேசாப் போடுவீங்களாம், மை பின்பக்கம் வரைக்கும் ஊறிடுதாம், பாவுசாகேபுக்குக் கவிதை எழுத இடமே இல்லையாம்."