சாமிக்குப் போன சக்கர நாற்காலி

“எங்க நாற்காலியத் திருப்பிக் குடுங்க.”

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று வீரம்மா வழிநெடுகத் தங்கை நவமணியிடம் கெஞ்சியிருந்தாள். சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் குடும்பத்துக்கே ஆகாதாம். நவமணி உள்ளே நுழைந்ததும் அதைத்தான் கேட்டாள்.

ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங் பக்கம், துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டம் அது. அங்கே ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட கொட்டகைதான் எண்பத்தொன்பதில் ஐயாவு சாமியின் சந்நிதி. இப்போது புகை பக்தர்களுக்கு. முதுகெலும்பு அடிபட்டுக் கால் வராமல் போன பிள்ளைகளைச் சாமி நடக்க வைக்கிறாராம். தெலுக் இந்தானிலிருந்துகூட வேன் பிடித்து வந்தார்கள். இதுவரை நன்றாக நடந்தது வியாபாரம் மட்டும்தான்.

சக்கர நாற்காலி வைத்திருப்பவனுக்கு நம்பிக்கை இல்லை, அதை முருகனுக்குக் காணிக்கையாக்கு, கால் தானாக வரும். இதுதான் சாமியின் சட்டம். சுவரோரம் நாற்காலிகள் சும்மா நின்றன. பெற்றவர்கள் பிள்ளைகளை முதுகில் சுமந்து நின்றார்கள்.

வீரம்மாவின் முதுகில் மகள் மங்களம். பள்ளி லாரி கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன பெண். நாற்காலி போனதும் பள்ளிக்கூடமும் போயிற்று. பாயிலேயே கிடந்து புண் வந்தது. தூக்கித் தூக்கி வீரம்மாவால் நிமிர முடியவில்லை.

“யுனிவர்சிட்டி படிச்ச புள்ளதானலா நீ?” என்று நவமணியிடம் கேட்டார் சாமி. “அங்க மரியாத சொல்லிக் குடுக்கலியா?”

“குடுத்தாங்க. ஆளப் பாத்துக் காட்டச் சொன்னாங்க.”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி சிரித்தபடி மங்களத்தைக் கிடத்தச் சொல்லி, வெள்ளி வேலால் உள்ளங்காலைக் கீறினார். கால் வெடுக்கென்று துள்ளியது. “முருகா!” தகரக் கூரை அதிர்ந்தது. ஓர் அம்மாள் மயங்கி விழுந்தாள். விழுமுன் இடம் பார்த்துக்கொண்டாள்.

நவமணி வெளியே போய் ஐஸ் கச்சாங் கடையில் ஒரு கரண்டி வாங்கி வந்தாள். அதன் காம்பால் மற்றக் காலைக் கீறினாள். அதுவும் துள்ளியது.

“சாமி,” என்றாள் மங்களம், “கரண்டிக்கும் அருள் வந்திருச்சா?”

மகனைச் சுமந்து நின்ற தெலுக் இந்தான் சின்னையா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

“கண்ண மூடிக்கடி.” நவமணி மறுபடி கீறினாள். கால் துள்ளியது. “இப்ப எந்தக் காலு?”

“தொட்டியா சித்தி?”

சிரிப்பு நின்றது.

“இது நரம்பு தானா இழுக்குற இழுப்பு. மூளைக்குச் சேதியே போவல. ஈப்போ டாக்டரு அன்னிக்கே சொன்னாரு. நாமதான் கேக்கல.”

“காணிக்கையத் தொட்டா கை வெளங்காது!” என்று சாமி கத்தினார்.

“தொட்டுப் பாக்குறேன்லா.” நாற்காலியை இழுத்தாள். கை நன்றாகவே விளங்கியது. மங்களத்தை அதில் உட்கார வைத்தாள். சின்னையாவும் மகனை இறக்கிவிட்டு, “அந்த நீலம் என்னோடது” என்று போனார்.

நவமணி கூட்டத்தைப் பார்த்தாள். “செருப்ப வாசல்ல கழட்டுங்க, சரி. மண்டைக்குள்ள இருக்கறத ஏன் கழட்டுறீங்க? துள்ளுன காலுக்குக் கூவுனீங்களே, எங்கக்கா இடுப்பு ஒடியறப்ப ஒருத்தராவது கை குடுத்தீங்களா?”

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியேறினாள்.

“எங்கடி போற? பஸ்ஸு அந்தப் பக்கம்லா நிக்கும்” என்று வீரம்மா பின்னால் ஓடிவந்தாள்.

“என் வீட்டுக்கு. லகாட் பஸ்ஸு இங்கதான். இனிமே எங்கூட இருங்க. ராத்திரி இவளப் புரட்டிப் படுக்க வைக்கிறது நானு. நீ தூங்கு. சின்னையாண்ணே, ஞாயித்துக்கெழம நீங்களும் வாங்க. முதுகு ஒடியாமத் தூக்குறது எப்படின்னு ஆஸ்பத்திரி நர்ஸம்மா வீட்டுக்கு வந்து காட்டுறாங்க.”

“ஒன் வீட்டுல வாசப்படி ஒசரமாச்சேடி?”

“நேத்தே இடிச்சுட்டேன்” என்றாள் நவமணி, திரும்பிப் பார்க்காமல்.