சுவரிடம் சொன்னது

"அப்பா, மறுபடியும் நெட் போச்சு" என்று மாடியிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருப்பதால், தெருவில் அவருக்கு டெஸ்டர் என்றே பெயர். அதைத் தாண்டி மின்சாரத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மகளுக்கு மத்தியானம் ஆன்லைனில் இண்டர்வியூ. போன தடவை பாதிப் பதிலில் படம் உறைந்து, வேலை கைநழுவிப் போனது. அன்று அவள் சாப்பிடவே இல்லை. அது அவருக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது.

மோடம் கீழே, மகள் மேலே. வீட்டுக் கரண்டு வயரிலேயே நெட்டும் போகும் என்று கடைக்காரர் ஒரு ஜோடி அடாப்டர் கொடுத்திருந்தார். கீழே ஒன்று, மேலே ஒன்று பிளக்கில் செருகினால் போதுமாம்.

டெஸ்டர் கீழே இருந்த அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றினார். நொண்டிக்கொண்டிருந்த நெட் படுத்தேவிட்டது. ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி அங்கே செருகினார். ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணீரானதுதான் மிச்சம். கடைசியில் அடாப்டரின் பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். அதில் மினுங்கிக்கொண்டிருந்த எல்லா விளக்கும் அணைந்தன.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். "ரொம்ப நேரம் அழுத்திட்டீங்க சார். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மறந்துடுச்சு."

"இந்த வீட்டுக்கு அது புதுசா என்ன?" என்றாள் மனைவி.

எலக்ட்ரீஷியன் இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டுச் சொன்னார். "வீட்டுக்கு நடுவுல சுவர் வச்சீங்க, வயரைப் பிரிக்கலையே. அந்தப் பக்கம் உங்க அண்ணன் வாஷிங் மெஷின் போட்டா இங்க நெட் திணறும். ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அவர்கிட்டயா? பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. நான் போய் நிக்கறதாவது."

எதற்குச் சண்டை என்பது அவருக்கே பாதிதான் ஞாபகம். ஆனால் ரோஷம் முழுசாக இருந்தது.

அவர் கொல்லைப் பக்கம் போய், சுவரைப் பார்த்தபடி மனைவியிடம் உரக்கச் சொன்னார். "சில பேருக்கு இன்னிக்குன்னு பார்த்துத்தான் துணி அழுக்காகும். மத்தியானம் ஒரு பொண்ணுக்கு இண்டர்வியூவாச்சேன்னு ஈவு இரக்கம் வேண்டாம்?"

"நான் இந்தப் பக்கம் நிக்கறேன்" என்றாள் மனைவி.

டெஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். செய்தித்தாளை மடித்து அடாப்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். நெட் பிய்த்துக்கொண்டு ஓடியது.

இண்டர்வியூ முடிந்து மகள் படியிறங்கி ஓடி வந்தாள். "எடுத்துட்டாங்கப்பா. ஒரு தடவைகூட கட் ஆகலை."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாம் அந்தப் பேப்பர் முட்டுதான். அண்ணனாம் அண்ணன். அவர் தயவு இல்லாமலே முடிச்சேன் பாரு."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் விசிறியோடு அண்ணி நின்றிருந்தாள்.

"பொண்ணு பேசி முடிச்சுட்டாளா? நீங்க சுவத்துகிட்ட சொன்னதுலேருந்து உங்க அண்ணன் எங்க பக்கத்து மெயினையே ஆஃப் பண்ணிட்டு வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்கார், இப்பப் போடலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னார்."