மூன்றாம் வளைவில் ஓர் அங்கீகரிக்கப்பட்ட சந்து

ஒன்றுக்கு இரண்டாம் பாகம் வந்துவிட்டால் அதன் முதல் பாகம் அன்றைக்கே மட்டமாகிவிட வேண்டும் என்பது அரசாங்கத்தின் நியாயமான எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பின் பேரில்தான் இளைஞர் ஊக்கப் பிரிவு, பூரணாங்குப்பத்தில் இருந்த தன் மையத்துக்கு 'டர்போ மின்னல் 2' என்ற கார்ப் பந்தய விளையாட்டை வாங்கிக் கொடுத்தது. கூடவே ஏசி, சக்கரம் வைத்த நாற்காலிகள், சுவரளவு திரைகள், அவற்றைத் திறந்து வைத்த பெருமக்களின் பெயர் வெட்டிய ஒரு கல்வெட்டு.

கல்வெட்டு மட்டும் உபயோகப்பட்டது. சைக்கிள் சாய்த்து வைக்க வாகாக இருந்தது.

ஏசி ஹாலைத் தாண்டிப் பின்கட்டில், கால் உடைந்த கேரம் பலகைக்குப் பக்கத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. அதில்தான் 'டர்போ மின்னல்' முதல் பாகம். வண்டிக்கு நாலே நிறம். வழி நெடுக ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப நட்டிருப்பார்கள். வண்டி மோதினால் தகர டப்பாவைத் தட்டின சத்தம் கேட்கும். ஆனாலும் வேலை விட்டு வருகிற கூட்டம் நேராக அங்கேதான் போகும். ஒரே பெஞ்சில் இரண்டு பேர் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, ஒரே கீபோர்டை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டு ஆடுவார்கள். தோற்றவர் எல்லாருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும்.

மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர் அன்புராஜ். பெருக்குவது, பூட்டுவது, மேலிடத்தார் வந்தால் இளநீர் வெட்டுவது எல்லாம் அந்தப் பதவிக்குள் அடக்கம். ஒப்பந்த ஊழியன் என்பதால் ஒவ்வொரு மார்ச்சிலும் அவன் உயிரை வாங்கி வைத்துக்கொண்டு ஏப்ரலில் திருப்பிக் கொடுப்பார்கள். இந்த மார்ச்சில் அதுவும் சந்தேகம்தான். புது விளையாட்டை யாரும் ஆடவில்லை என்றால் மையத்தையே மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் மனைவி தேவிக்கு ஏழாம் மாசம்.

அரியூர் மருத்துவக் கல்லூரியில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தவள் ஸ்டெல்லா. ஆட்டத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அன்புராஜ் அவளிடமே கெஞ்சினான்.

"ஒரே ஒரு தடவ புதுசுல ஒக்காரு ஸ்டெல்லா. ஒனக்காக ஏசி போட்டு வச்சிருக்கேன்."

"ஒக்காந்து பாத்துட்டேன்ணா. போன் நம்பர் கேட்டுச்சு, குடுத்தேன். ஓடிபி கேட்டுச்சு, குடுத்தேன். வண்டிக்கு சீட் கவர் எடுன்னுச்சு. பெட்ரோல் போடுன்னுச்சு. கடைசியா ஒரு பொம்பள வந்து, பிரேக்குன்னா இன்னான்னு பாடம் எடுக்குது. வண்டிய எடுக்கறதுக்குள்ள எனக்கு டூட்டிக்கு நேரம் ஆயிடுச்சு. நீ வேற."

இந்த நிலையில்தான் துணை இயக்குநர் சாமிநாதன் நேரடிக் கள ஆய்வுக்கு எழுந்தருளினார். ஏசி ஹாலில் ஈ பறப்பதையும் பின்கட்டில் கூச்சல் கிளம்புவதையும் கண்டு மனம் புண்பட்டார். பின்கட்டுக்குப் போகாமல், அங்கிருந்த ஸ்டெல்லாவையும் டேனியலையும் தம் எதிரே வரவழைத்தார். டேனியல், நல்லவாட்டிலிருந்து மீன் ஏற்றுகிற டெம்போவின் டிரைவர்.

"கவர்மென்ட் இவ்வளவு செஞ்சும் நீங்க ஏன் பழசுக்கே திரும்பிப் போறீங்க?"

"அது ஒண்ணுமே கேக்காது சார். பட்டனத் தட்டுனா ஓடும்" என்றாள் ஸ்டெல்லா.

சாமிநாதன் அன்புராஜிடம் திரும்பினார். "ஒண்ணுமே கேக்காம இருக்கறதுக்கு எந்தத் தலைப்புல நிதி ஒதுக்கலாம்?"

"ஒதுக்க முடியாது சார்."

"அப்ப அது காரணம் இல்ல. அடுத்தது?"

"பக்கத்துல ஒக்காந்து ஆடலாம் சார்" என்றான் டேனியல். "புதுசுல எதிராளி எவன்னே தெரியல. போலந்துல கீறானாம். நான் ஜெயிச்சா அவன எப்டி கலாய்க்கறது? இங்கன்னா மூஞ்சியப் பாத்து சிரிக்கலாம்."

"மூஞ்சியெல்லாம் வாங்கித் தர முடியாதுப்பா. வேற எதாவது உருப்படியா சொல்லு."

டேனியல் தலையைச் சொறிந்தான். உருப்படியாக வேறொன்றும் அகப்படவில்லை. "அப்புறம்... அந்த சந்து கீது சார்" என்றான்.

சந்து என்பது பழைய விளையாட்டில் மூன்றாம் வளைவில் இருந்த ஓர் ஓட்டை. அங்கே நீளமாக ஒரு சுவர் போகும். அதில் ஓரிடத்தில் மட்டும், செய்தவன் எந்த ஞாபகத்தில் இருந்தானோ, சுவர் வெறும் படம்தான். முட்டினால் வண்டி உள்ளே புகுந்து எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் வெளியே வந்துவிடும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால் அதற்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. ஆட்டத்தில் கடைசியாகக் கிடந்து தவிக்கிறவர்தான் அதில் போகலாம். முன்னால் போகிறவர் சந்தில் நுழைந்தால் அன்று முழுக்க அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை; யாரும் மீறவும் இல்லை.

சாமிநாதன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"திறப்பு! இத மொதல்லயே சொல்லக்கூடாதாய்யா? திறப்புன்னா டெண்டர் விடலாமே!"

அன்றைக்கே முடிவு பிறந்தது. முதல் பாகத்தின்பால் பொதுமக்கள் மீண்டும் மீண்டும் ஈர்க்கப்படுவதற்கு மூன்றாம் வளைவில் அமைந்துள்ள அங்கீகரிக்கப்படாத திறப்பே ஏகக் காரணம் எனத் தெரியவருவதால், இரண்டாம் பாகத்தின் மூன்றாம் வளைவில் உரிய அங்கீகாரத்துடன் கூடிய திறப்பு ஒன்றைப் பொதுநலன் கருதி ஏற்படுத்துவது.

"சார், அது கண்ணுக்குத் தெரியாம இருக்கறதாலதான் ஒரு இதுவா இருக்கு" என்று அன்புராஜ் மெல்ல இழுத்தான்.

"தெரியாம இருந்தா திறப்பு விழா எப்படிய்யா நடத்தறது?"

அன்புராஜ் இளநீர் வெட்டப் போனான். மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது.

சந்து வந்து சேர்ந்தது. அலங்கார வளைவும் சீரியல் விளக்குமாகக் கல்யாண மண்டபம் போல இருந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பலகை. புதுச்சேரி என்பதால் பிரெஞ்சிலும் ஒரு பலகை. விபத்தைத் தவிர்க்க முன்னால் ஒரு வேகத்தடை, பின்னால் ஒரு வேகத்தடை. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். நடுவில் ஒரு தடுப்புக் கம்பம், கம்பத்துக்கு ஒரு பொம்மைக் காவலாளி. காவலாளிக்கு மதிய உணவு இடைவேளை உண்டு. பாஸ் அட்டையில் இருக்கிற நம்பரைத் தட்டினால்தான் அவன் கம்பத்தைத் தூக்குவான்.

ஸ்டெல்லாவும் டேனியலும் வந்து பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் பழசை ஆடினார்கள். அன்புராஜுக்கு அழுகை முட்டியது. பாகூர்ப் பக்கம் ஏதாவது கடையில் கணக்கு எழுதப் போகலாமா என்று தேவியிடம் பேசக்கூட ஆரம்பித்துவிட்டான்.

அப்போதுதான் அந்தச் சிறு விதி வெளியே தெரிந்தது. பாஸ் எல்லாருக்கும் கிடையாது. தகுதி உடையோருக்கு மட்டும். தகுதி என்றால் என்ன என்று எங்கும் சொல்லவில்லை.

பாகூரில் செல்போன் கடை வைத்திருக்கும் மாலிக், மச்சான் வழியாக யாரையோ பிடித்து முதல் பாஸை வாங்கிவிட்டான். வாங்கியவன் சும்மா இருந்தானா? சட்டைப் பையில் கால்வாசி வெளியே தெரிகிற மாதிரி செருகிக்கொண்டு, போண்டா சாப்பிடப் பின்கட்டுக்கு வந்தான். ஆடக்கூட இல்லை. நின்றுவிட்டுப் போனான்.

அத்தோடு டேனியலுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவனுக்கு இன்னாபா அப்டி தகுதி? எனக்கு இல்லாத தகுதி?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கட்சிக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றான். நல்ல வஞ்சிர மீனாகப் பார்த்து எடுத்துப் போனதாகவும் கேள்வி. பாஸ் வந்தது. டேனியலுக்கு வந்ததைப் பார்த்து இன்னொருவன் போனான். அவனைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் போனார்கள். ஓடிபி கேட்டால் சிரித்த முகத்தோடு சொன்னார்கள். சீட் கவர் எடுத்தார்கள். பெட்ரோல் போட்டார்கள். பிரேக் பாடத்தைக் கைகட்டிக் கேட்டார்கள். நேராகச் சந்து வாசலுக்கு வண்டியை விட்டு, வரிசையில் நின்றார்கள். ஏசி ஹாலில் நாற்காலி போதவில்லை. பின்கட்டுப் பெஞ்சில் ஸ்டெல்லா மட்டும் உட்கார்ந்து, கீபோர்டின் இரண்டு பாதியையும் தானே தட்டிக்கொண்டிருந்தாள்.

சாமிநாதன் பூரித்துப்போய் பந்தயம் ஒன்றை அறிவித்தார். அன்புராஜை ஓரமாக அழைத்து, "இது மட்டும் நல்லபடியா முடியட்டும், ஒன்னோட ஒப்பந்தத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

பந்தயத்தன்று திரையில் ரிப்பன் வெட்டப்பட்டது. வண்டிகள் கிளம்பின. மூன்றாம் வளைவு வரை எல்லாம் சீறிக்கொண்டு போய், அங்கே ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. முதலில் மாலிக். அவனுக்குப் பின்னால் டேனியல். பொம்மைக் காவலாளி கடிகாரத்தைப் பார்த்தான், கம்பத்தைப் பூட்டினான், சாப்பிடப் போய்விட்டான். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. ஆனால் ஒருவர்கூட வரிசையை விட்டு விலகவில்லை. பாஸ் வைத்திருக்கிறவர் எப்படி விலகுவார்?

ஸ்டெல்லாவிடம் பாஸ் இல்லை. பந்தயம் என்றதும் ஆசையில் பெயர் கொடுத்திருந்தாள். வரிசையை ஒட்டிக்கொண்டு, காலியாகக் கிடந்த ரோட்டில் போனாள். நாலாம் வளைவு, ஐந்தாம் வளைவு, பாலம், எல்லாவற்றையும் ஓட்டிக் கடந்து எல்லைக் கோட்டைத் தாண்டினாள். திரையில் வாணவேடிக்கை வந்தது.

ஹாலில் யாரும் கை தட்டவில்லை. டேனியல்தான் முதலில் எழுந்தான்.

"சார், இது அநியாயம்! நாங்க எல்லாம் ஆளப் புடிச்சு பாஸ் வாங்கி வெயிட் பண்ணிக்கினு கீறோம். இவ பாட்டுக்கு ரோட்டுல போறா!"

"டேய், ரேஸுன்னா ரோட்டுலதானடா போவாங்க!" என்றாள் ஸ்டெல்லா.

"அப்ப நாங்க எல்லாம் கேனையா?" என்று கூட்டம் எகிறியது. கேள்வி நியாயமானதுதான்.

சாமிநாதன் தொண்டையைச் செருமினார். "மையத்தின் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் அன்புராஜ் தன் கருத்தைத் தெரிவிப்பார்."

அன்புராஜுக்கு உண்மை தெரியும். அந்த ஹாலில் எல்லாருக்கும்தான் தெரியும். ஸ்டெல்லா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தேவியை நினைத்துக்கொண்டான், ஏப்ரலை நினைத்துக்கொண்டான், பிறகு தரையைப் பார்த்துப் பேசினான்.

"போட்டியாளர் ஸ்டெல்லா, உரிய திறப்பு இருந்தும் அதைப் புறக்கணித்து, தன்னிச்சையாகப் பொதுச்சாலையைப் பயன்படுத்தி முன்னேறியுள்ளார். இது முறைகேடு எனக் கருத இடமுள்ளது."

பலத்த கைதட்டல். வரிசையில் முதலில் நின்ற மாலிக்குக்கு முதல் பரிசாகக் குக்கர் கொடுத்தார்கள். இனி இப்படி ஒன்று நடக்காமல் இருக்க, மூன்றாம் வளைவுக்கு அப்பால் ரோட்டை அடைத்துவிடுவதென்று அங்கேயே தீர்மானமாயிற்று. ஏப்ரலில் அன்புராஜின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. தேவி சந்தோஷப்பட்டாள். அவனுக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஸ்டெல்லா கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று பின்கட்டுப் பக்கமே போகாமல் இருந்தான்.

ஒருநாள் அவளே வந்து எதிரில் நின்றாள். அன்புராஜுக்கு வாய் குழறியது.

"ஸ்டெல்லா, தப்புதாம்மா. எனக்கு வேற வழி தெரியல. வா, பழசப் போட்டு வுடறேன். நானே ஒன்கூட ஒக்காந்து ஆடறேன்."

"அத வுடுண்ணா" என்று அக்கம்பக்கம் பார்த்தாள் ஸ்டெல்லா. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எல்லார்கிட்டயும் கீது, நான் மட்டும் இல்லாம நிக்கறது அசிங்கமா கீதுண்ணா. ஒனக்குத்தான் இப்ப மேல ஆள் தெரியுமே. எனக்கு ஒரு பாஸ் வாங்கிக் குடேன்."