கீழ் டிவிஷனில் யாரும் இல்லை

கோழைத்தனத்துக்கு நம்மிடம் நல்ல பெயர்கள் நிறைய உண்டு. அடக்கம், மரியாதை, பொறுமை, 'நமக்கெதுக்கு வம்பு'. இருபத்துமூன்று வயதில் இந்த நான்குக்கும் நான்தான் ஏகபோக உரிமையாளன். எஸ்டேட்டில் என்னைத் தங்கமான பையன் என்று சொல்வார்கள். நானும் அதை நம்பினேன்.

எழுபதுகளின் நடுவில் அது. போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், கீழ் டிவிஷன் ஆபீஸில் கிளார்க் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரம் ஆக வேண்டுமானால் பெரிய ஆபீஸ் ஹெட் கிளார்க் வேலுச்சாமி ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அதனால் அவர் தும்மினால்கூட நான் இங்கே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வேன்.

எஸ்டேட் முழுவதற்கும் ஒரே டெலிபோன் கம்பி. பெரிய ஆபீஸ், ஃபேக்டரி, மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், ஆஸ்பத்திரி என்று ஐந்து பெட்டிகள். ஒருவர் கைப்பிடியைச் சுற்றினால் ஐந்திலும் மணி அடிக்கும். இரண்டு நீள மணி ஃபேக்டரிக்கு, மூன்று குட்டை மணி ஆஸ்பத்திரிக்கு. நமக்கான மணி இல்லையென்றால் ரிசீவரை எடுக்கக்கூடாது என்பது சட்டம். (எல்லோரும் எடுப்போம் என்பது வழக்கம்.) ஆனால் கூடுதலாக ஒரு ஆள் எடுத்தாலும் பேசுகிறவர் குரல் ஒரு பிடி இறங்கிவிடும். ஐந்து பேரும் எடுத்துவிட்டால் தொண்டை கிழியக் கத்தினால்தான் காதில் விழும்.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொரை, அதாவது மேனேஜர், ஜீப்பில் கிளம்பிப் போனதும் இந்தக் கம்பியில் ஆடுபுலி ஆட்டம் தொடங்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டினால் ஆடு காலி. நகர வழியில்லாமல் ஆடுகள் சூழ்ந்துகொண்டால் புலி காலி. அவரவர் மேஜையில் சாக்பீஸால் கட்டம் கீறி, கோடுகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் போட்டிருந்தோம். இரண்டு பேர் போனில் எண்ணைச் சொல்லி ஆடுவார்கள். மற்ற மூன்று பேரும் தங்கள் கட்டத்தில் புளியங்கொட்டையை நகர்த்திக்கொண்டு கேட்டிருப்பார்கள்.

வேலுச்சாமிக்கு என்றைக்கும் புலிதான். ஆடு வைத்து ஆட அவருடைய கௌரவம் இடம் கொடுக்காது. ஆட்டத்தைவிட வாய்தான் அவருக்குப் பெரிய ஆயுதம். ஃபேக்டரிக்காரரை "மூளைக்குள்ள தேயிலைத் தூசி அடைச்ச பய" என்பார். மேல் டிவிஷன்காரரின் மனைவி கோபித்துக்கொண்டு ஊருக்குப் போன கதையை ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருமுறை நினைவுபடுத்துவார். திட்டு வாங்குகிறவரைத் தவிர மற்றவர்கள் சிரிப்போம். மறுநாள் வேறு ஆளுக்குத் திட்டு, வேறு ஆட்களுக்குச் சிரிப்பு. யாருக்கும் குறை வைத்ததில்லை.

இந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்தாள் செண்பகம். போடிப் பெண். அவளைத் தூரத்திலிருந்து பார்த்த நான் அம்மாவிடம் சொல்ல, அம்மா போடிக்குப் போய் அவள் அண்ணனிடம் பேச, பேச்சு நல்லபடியாகவே நடந்தது. அடுத்த ஞாயிறு அவர்கள் எங்கள் வீட்டில் வந்து கை நனைப்பதாக ஏற்பாடு. சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அதுவரை அவளிடம் நான் நேரில் பேசியது இரண்டே முறை. இரண்டும் என் தும்மலுக்கு மருந்து கேட்டு. மூன்று தும்மல் சேர்ந்தாற்போல் வந்து கடைசியில் 'முருகா' என்று முடியும் என் தும்மல் எஸ்டேட்டில் பிரசித்தம்.

அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை செண்பகம் ஆட வந்தாள். அரை மணி நேரத்தில் வேலுச்சாமியின் மூன்று புலிகளையும் மூலையில் முடக்கிவிட்டாள். என் கட்டத்தில் பார்த்தேன். இம்மி நகர இடமில்லை.

"பன்னெண்டுலேருந்து பதினாறு. அவ்வளவுதான் சார், முடிஞ்சுது" என்றாள்.

"எது முடிஞ்சுது? ஏட்டி, பன்னெண்டுல உனக்கு ஆடே கிடையாது. போன்ல கண்ணுக்குத் தெரியாதுன்னு களவாணித்தனம் பண்ணுதியா? பிள்ளைப்பேறு பாக்குறவளுக்கு ஆட்டம் ஒரு கேடா? உங்க வீட்டுல திருடித்தின்னுதான் வளத்தாங்களா?"

அதற்கு மேல் அவர் சொன்னதை எழுத என் பேனா கூசுகிறது. (அன்றைக்குக் காது கூசவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்துக் கேட்டேன்.)

"ஃபேக்டரி சார், உங்க கட்டத்துல பாத்துச் சொல்லுங்க" என்றாள் செண்பகம். பதில் இல்லை. "மேல் டிவிஷன் சார்?" அங்கும் இல்லை. அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. நாங்கள் எல்லோரும் ரிசீவரைப் பிடித்திருந்ததால் வந்த வினை. "எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க? யாராச்சும் சொல்லுங்களேன்" என்று கத்தினாள்.

அப்போதுதான் என் மூக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. முருகா.

"சுப்பையா சார்! நீங்க இருக்கீங்கல்ல? பன்னெண்டுல ஆடு இருந்துச்சுல்ல?"

இருந்தது. என் மேஜையில், மூக்குக்கு நேராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஒரு கண்ணிலும், வேலுச்சாமியின் கையெழுத்து இன்னொரு கண்ணிலும் தெரிந்தது. கம்பீரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, தெளிவான குரலில் சொன்னேன்:

"இங்க யாரும் இல்ல."

சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை மெமோ வந்தது. தோற்ற கோபத்தை வேலுச்சாமி யார் மேலாவது இறக்க வேண்டுமல்லவா? 'ஆறு மணி வரை ஆபீஸில் இருக்க வேண்டிய நீர், நேற்று ஐந்தே முக்காலுக்கு இல்லை என்று உமது ஆபீஸிலிருந்தே தகவல் வந்தது. வேலை நேரத்தில் எங்கே போனீர்?' தொரைக்கும் ஒரு நகல்.

இருந்தேன் என்று நிரூபிக்கச் சாட்சி வேண்டும். ஃபேக்டரிக்காரரும் மேல் டிவிஷன்காரரும் தாங்கள் போனையே எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். வேறு வழியில்லை. வெட்கத்தை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"நான் ஆபீஸ்லதான் இருந்தேன்னு எழுதிக் குடுக்கணும்" என்றேன்.

செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். "இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"சரி. உள்ளதை எழுதித் தாரேன்."

மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். 'இருந்தார்' என்ற ஒரு வார்த்தை கண்ணில் பட்டதுமே நன்றி சொல்லிவிட்டு ஓடி வந்தேன். மீதியைப் படிக்கப் பொறுமை இல்லாமல் அப்படியே பெரிய ஆபீஸில் கொடுத்தேன்.

மத்தியானம் தொரை எங்கள் மூவரையும் கூப்பிட்டார். சீட்டை உரக்க வாசித்தார்: "கீழ் டிவிஷன் கிளார்க் நேற்று மாலை ஆபீஸில் இருந்தார். போனில் நடந்ததெல்லாம் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை."

பிறகு என்னைப் பார்த்து, "எல்லாம்னா என்ன? என்ன கேட்டே?" என்றார்.

வேலுச்சாமி என் பக்கத்தில். செண்பகம் எதிரில். கடவுள் ஒருவனுக்கு இரண்டாவது வாய்ப்பு இவ்வளவு சீக்கிரம் கொடுப்பதில்லை. உண்மையைச் சொன்னால் தொரை கேட்டிருப்பார். கேட்கத்தானே கூப்பிட்டிருக்கிறார்.

"லைன் சரியில்ல சார். ஒண்ணும் கேக்கல" என்றேன்.

செண்பகம் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டாள், நோயாளி பிழைக்க மாட்டான் என்று தெரிந்துவிட்ட மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பன்னிரண்டு பேருக்குச் சமைத்தாள். போடியிலிருந்து யாரும் வரவில்லை. அந்தச் சாம்பாரையே மூன்று நாள் சாப்பிட்டேன். அந்த மாதமே வேலை நிரந்தரமாகி உத்தரவு வந்தது. அதோடு அந்த மருந்துச் சீட்டையும் குண்டூசியில் குத்தி அனுப்பியிருந்தார்கள்.

பிறகு எனக்கும் கல்யாணம் நடந்தது. என் மனைவி கோமதி பெட்டியைச் சுத்தம் செய்தபோது சீட்டு அகப்பட, முழுக் கதையும் சொல்ல வேண்டியதாயிற்று. என் அக்கா வந்து கோமதியின் சமையலைக் குறை சொல்லும்போது நான் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டால் போதும், பிள்ளைகள் கோரஸாகத் தொடங்கிவிடுவார்கள்: "ஆபீஸில் இருந்தார். எல்லாம் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை." வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் கோமதி, "எங்க வீட்டுக்காரருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் இருக்கு, பாக்குறீங்களா? குடுத்தது அவரைக் கட்டிக்க இருந்தவ" என்பாள்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சீட்டைக் கிழித்துப் போட எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். அதில் ஒரு வார்த்தையாவது பொய்யாக இருந்திருந்தால் என்றைக்கோ கிழித்திருப்பேன்.